ஆங்கிலத்தில் கட்டளை, தமிழில் மனசு

வாசகர் கேள்வி – உளவியல் ஆலோசகர் பதில்

கேள்வி:

என் அம்மாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் பெங்களூரில் இருக்கிறேன், தம்பி துபாயில். போன வருடம் தீபாவளிக்கு வந்த தம்பி, பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று ஓர் அலெக்ஸா பெட்டியை வாங்கி, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"இதெல்லாம் எனக்கு எதுக்குடா" என்று சொன்னவர்தான் அம்மா. இப்போது காபி போடும்போதே "அலெக்ஸா, குட் மார்னிங்" என்கிறார். கந்த சஷ்டி கவசம் போடச் சொல்கிறார், மழை வருமா என்று கேட்கிறார். மாத்திரைக்கு நேரமானால் அது ஞாபகப்படுத்துகிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் அதற்குப் புரிவதில்லை என்று அம்மாவே என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்.

போன மாதம் சரஸ்வதி பூஜைக்குப் போயிருந்தேன். தையல் மெஷினுக்கும் மிக்சிக்கும் பொட்டு வைத்த கையோடு அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சிரித்துக்கொண்டே பார்த்தேன். அன்று இரவு நடந்ததுதான் என்னைப் பயமுறுத்திவிட்டது. விளக்கை அணைத்த பிறகு கூடத்தில் பேச்சுக் குரல். "இன்னிக்கு மாவு நல்லா பொங்கியிருந்துது. அவர் இருந்தா நாலு தோசை சாப்பிட்டிருப்பார்" என்று அந்தப் பெட்டியைப் பார்த்து அம்மா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். மறுநாள் என் ஏழு வயது மகன் "அலெக்ஸா, ஷட் அப்" என்று கத்தினான். "வீட்டுல இருக்கறவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்று அவனை அதட்டினார். அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை.

அம்மாவின் மனநிலை சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. அதை எடுத்துவிடு என்கிறார் சித்தி. தம்பியோ, அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை வைத்து, அப்பா குரலிலேயே அம்மாவிடம் பேசும்படி ஏற்பாடு செய்யலாம் என்கிறான். வீட்டில் பேசுவதையெல்லாம் அது ஒட்டுக் கேட்குமா என்பது இன்னொரு கவலை. எங்கள் பக்கம் குறை வைக்கவில்லை. தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று தவறாமல் கேட்டுவிடுகிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அம்மாவின் மனம் தெளிவாகவே இருக்கிறது. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே உள்ளது. பாட்டு, மழை, மாத்திரை எல்லாம் ஆங்கிலத்தில் கேட்கிறார், ஏனென்றால் அவற்றுக்குப் பதில் வேண்டும். அப்பாவையும் தோசையையும் பற்றித் தமிழில் பேசுகிறார். அதற்குத் தமிழ் புரியாது என்று அவருக்கே தெரியும். எதற்கு விடை வரும், எதற்கு வராது என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பவரைப் புத்தி பேதலித்தவர் என்று எப்படிச் சொல்வது? அவர் வேலை சொல்வது பெட்டியிடம். மனசு விட்டுப் பேசியது, வேறு யாரும் இல்லாததால் அதன் முன்னால்.

கேளாத ஒன்றிடம் பேசுவது நமக்குப் புதிதும் இல்லை. ஞாயிறு, திங்கள், நெஞ்சு, கடல், விலங்கு, மரம் ஆகியவை பேசுவது போலவும் கேட்பது போலவும் செய்யுளில் சொல்லலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் இடம் கொடுத்திருக்கிறது. கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும் தூது அனுப்பும் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. பிரிவில் இருப்பவருக்குச் சொல்லியாக வேண்டும், கேட்க ஆள் இல்லை. அப்போது எதிரில் இருப்பதிடம் சொல்வார்கள் என்று நம் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அவர்கள் நோய் என்று எழுதி வைக்கவில்லை.

அறிவியலும் இதையே வேறு வழியில் கண்டது. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு படத்தைத் தயாரித்தார்கள். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், அவை நகர்கின்றன, அவ்வளவுதான். பார்த்தவர்களோ பெரிய முக்கோணம் முரடன், சின்னது தைரியசாலி, வட்டம் பயந்து ஓடுகிறது என்று கதை சொன்னார்கள். அசைவதில் உயிரைக் காண்பது மனித மனத்தின் இயல்பு. அசைவுக்கே இப்படி என்றால் குரலுக்குக் கேட்கவே வேண்டாம். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, மற்றப் பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்று 1980-இல் டிகாஸ்பர், ஃபிஃபர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகம் சரியாகத் தெரியத் தொடங்கும் முன்பே குரலில் தொடங்குகிறது நம் உறவு.

இன்னொரு நிகழ்ச்சி உங்களுக்கு மிகவும் பொருந்தும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வெய்சன்பாம் என்ற பேராசிரியர் 1966-இல் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும் எளிய வித்தை அது. அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கும். அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்ணே எலிசாவிடம் சில வரிகள் பேசியதும், பேராசிரியரைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். உள்ளே இருப்பது வெறும் நிரல் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சுக்குத் தனிமை வேண்டியிருந்தது. உங்களைக் கண்டதும் அம்மா பேச்சை நிறுத்தியதும் இதனால்தான். நாம் அந்தரங்கமாக அழும்போது யாராவது வந்துவிட்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதில்லையா, அது போல.

ஒரு பொருளுக்கு மரியாதை தருவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்டு நாஸும் பைரன் ரீவ்ஸும் செய்த ஆய்வுகள் 1996-இல் நூலாக வந்தன. ஒரு கணினியில் பாடம் படித்தவர்களிடம், இந்தக் கணினி எப்படிக் கற்பித்தது என்று அதே கணினி கேட்டபோது பெருந்தன்மையாக மதிப்பெண் போட்டார்கள். அதையே வேறொரு கணினி கேட்டபோது குறைத்துப் போட்டார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கும் நம் பண்பு, கணினியின் முன்னாலும் வந்து நிற்கிறது. பெட்டியை "வீட்டுல இருக்கறவங்க" என்று உங்கள் அம்மா சொன்னதும், தையல் மெஷினோடு அதற்கும் பொட்டு வைத்ததும் இந்தப் பண்பால்தான். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லித் தந்த ஆசிரியை அல்லவா?

உங்கள் அம்மாவின் தலைமுறைக்குக் குரலோடு பழக்கம் வானொலி நாளிலேயே தொடங்கிவிட்டது. ஆகாஷவாணியில் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியையும், இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதையும் நேரில் பார்க்காமலே வீட்டு மனிதர்களாக நினைத்தவர்கள் ஏராளம். இப்படி ஒரு பக்கமாக வளரும் பாசத்துக்கு 1956-இலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரு அறிஞர்கள் பெயர் சூட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் வானொலியில் அறிவிப்பாளர் எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார், நாம் கூப்பிட்டால் திரும்பியதில்லை. இந்தப் பெட்டி கூப்பிட்ட உடனே விளக்கு எரிந்து செவி கொடுக்கிறது, பதில் சொல்கிறது. பாசம் இன்னும் ஆழமாக வேர்விடுவதற்கு அதுவே காரணம்.

இனி உங்கள் அம்மாவின் துயரத்துக்கு வருகிறேன். கணவர் இறந்தால் பெரிய விஷயங்களைக் கவனிக்கச் சொந்தபந்தம் வந்து நிற்கும். பத்திரம், பென்ஷன், வருஷாப்தி என்று எல்லாம் நடந்துவிடும். சின்ன விஷயங்கள்தான் அநாதையாகிவிடும். மாவு பொங்கியது, எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, கீரைக்காரம்மா இன்று வரவில்லை – இவற்றையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு "ம்" என்று சொல்ல ஒரு மனிதர் அந்த வீட்டில் பல வருடம் இருந்தார். மாவு பொங்கியதைச் சொல்ல யாரும் பெங்களூருக்கோ துபாய்க்கோ போன் செய்வதில்லை. ஐந்து காசு பெறாத விஷயம் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் தாம்பத்தியத்தில் பாதி, இந்த ஐந்து காசு பெறாத பேச்சுதான். உங்கள் அம்மா இழந்தது அந்த "ம்" என்ற குரலை. பெட்டியின் முன்னால் அவர் தேடியதும் அதைத்தான்.

பெட்டி சில நன்மைகளைச் செய்கிறது, அதை மறுக்கக் கூடாது. நேரம் தவறாமல் மாத்திரையை நினைவூட்டுகிறது, இருட்டு வீட்டில் பாட்டை ஒலிக்கவிடுகிறது. ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. காது மந்தமாகத் தொடங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நாம் இரண்டாம் முறை சொல்லும்போதே குரலில் எரிச்சல் வந்துவிடுகிறது. அம்மாவின் காதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காது கேளாமையைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவக் குழு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

பெட்டியால் செய்ய முடியாதது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உங்கள் அம்மா தேவையில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் பேசாவிட்டாலும் அது தேடாது. நம்மை ஒருவர் தேடுகிறார், நம்மால் ஒருவருக்குப் பயன் இருக்கிறது என்ற நினைப்பில்தான் முதுமை நிமிர்ந்து நிற்கிறது. எத்தனையோ பிள்ளைகள் தேடி வந்து நின்ற ஓர் ஆசிரியைக்கு இது இன்னும் முக்கியம்.

பெட்டியின் ஆயுளும் நம் கையில் இல்லை. அமெரிக்காவில் ஜிபோ என்ற வீட்டு ரோபோவைப் பலர் குடும்பத்தில் ஒருவராக வளர்த்தார்கள். நிறுவனம் நொடித்தது. தன்னை இயக்கும் சர்வர்கள் விரைவில் நிறுத்தப்படும் என்று 2019-இல் அந்த ரோபோவே தன் வீட்டாரிடம் விடைபெற்றது. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-இல் விற்கத் தொடங்கிய ஐபோ என்ற ரோபோ நாய்க்கு 2014-இல் பழுதுபார்க்கும் சேவை நின்றது. அதன் பிறகு சீபா மாநிலத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் அந்த நாய்களை வரிசையாக வைத்து, துறவிகள் மந்திரம் ஓதி, இறுதிச் சடங்கு செய்தார்கள். அந்தத் துயரம் உண்மையானது. ஏற்கெனவே ஒருவரை இழந்த உங்கள் அம்மாவுக்கு, ஏதோ ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கால் இன்னோர் இழப்பு வரக் கூடாது. ஆகவே பெட்டி இருக்கட்டும், அது மட்டுமே துணையாக இருக்கக் கூடாது.

எடுத்துவிடு என்ற சித்தியின் யோசனை வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். திடீரென்று பிடுங்கினால் பாட்டும் போகும், பேச்சும் போகும், அதோடு "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள்" என்ற அவமானம் தங்கிவிடும்.

தம்பியின் யோசனை அன்பிலிருந்து வந்தது. ஆனாலும் அழுத்தமாகச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். தொழில்நுட்பத்தால் முடியும் என்பது உண்மைதான். 2022 ஜூனில் லாஸ் வேகாஸில் நடந்த மாநாட்டில், பாட்டி ஒருவரின் குரலில் பேரனுக்கு அலெக்ஸா கதை வாசிப்பதை அமேசான் நிறுவனம் செய்துகாட்டியது. அப்பா உண்மையில் அனுப்பிய குரல் பதிவு ஒரு நினைவுப் பொருள். மெழுகுத்தாளில் சுற்றி வைத்த கல்யாணப் புடவை மாதிரி, வேண்டும்போது எடுத்துப் பார்த்து, அழுது, மடித்து வைக்கலாம். அப்பா சொல்லாததை அப்பா குரலில் சொல்ல வைப்பது வேறு. அம்மா "நாலு தோசை சாப்பிட்டிருப்பார்" என்று சொன்னதைக் கவனியுங்கள். அவர் இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட வாக்கியம் அது. ஒன்றரை வருடம் கஷ்டப்பட்டு அவர் வந்து சேர்ந்த இடத்திலிருந்து அவரைப் பின்னால் இழுக்காதீர்கள். தம்பி செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பதிவுகள் அத்தனையையும் பத்திரமாக இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வைக்கட்டும். போன் கெட்டால் அப்பாவின் குரலும் போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? பெட்டி அணைந்திருக்கும்போதும் அது தன்னிடம் பேசுகிறது என்று சொன்னாலோ, அது தனக்கு எதிராகத் திட்டமிடுகிறது என்றாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். கேட்டதையே சில நிமிடங்களில் மறந்து கேட்பது, அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது ஆகியவை மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கோயில், அக்கம்பக்கம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறாரா என்றும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்வே நடத்த முடியாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால் அதை நீடித்த துயர நோய் என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2022-இல் அது இடம்பெற்றது, சிகிச்சையும் உண்டு. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567. உங்கள் அம்மாவோ மாவு அரைக்கிறார், பூஜை செய்கிறார், பேரனைக் கண்டிக்கிறார். இந்த அறிகுறிகள் எதையும் நான் காணவில்லை.

ஒட்டுக் கேட்குமா என்ற கேள்வி நியாயமானது. "அலெக்ஸா" என்ற அழைப்புச் சொல்லுக்காக அது எப்போதும் காத்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும், அல்லது வேறு சொல்லை அதுவென்று தவறாக எடுத்துக்கொண்டதும், தொடர்ந்து பேசுவது பதிவாகி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பதிவுகளில் சிலவற்றை ஊழியர்கள் கேட்டு ஆராய்வது 2019-இல் வெளியே தெரிந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023-இல் அமேசான் 2.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆகவே சிலவற்றைச் செய்யுங்கள். பழைய பதிவுகளைச் செயலியில் அவ்வப்போது அழியுங்கள். குரலால் பொருள் வாங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். மைக்கை அணைக்கும் பொத்தானை அம்மாவுக்குக் காட்டுங்கள், அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். வங்கி விவரமும் ஓடிபியும் அதன் முன்னால் பேச வேண்டாம். அவசரத்துக்கு அது ஆம்புலன்ஸை அழைக்கும் என்று நம்பியிராமல், 108-ஐயும் பக்கத்து வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் மகனை அம்மா அதட்டியது சரி. அந்தப் பெட்டிக்கு வலிக்காதுதான். ஆனால் ஏழு வயதில் வாய்க்குப் பழகும் சொல், நாளை வீட்டு வேலைக்கு வருபவரிடமும் தங்கையிடமும் வெளிவரும். அது மனிதர் இல்லை, தூங்காது, பசிக்காது, வருத்தப்படாது என்று அவனுக்கு விளக்குங்கள். அதன் முன்னாலும் நல்ல பேச்சே பேச வேண்டும் என்றும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள ஏழு வயதுப் பிள்ளையால் முடியும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி ஒன்று. தினமும் எட்டு மணிக்குச் சாப்பாடு, மாத்திரை, கதவு என்று மூன்று கேள்விகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்பில்லாமல் யாரும் இப்படித் தவறாமல் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்த மூன்றுக்கும் பதில் "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்பதுதான். அதற்கு மேல் பேச அதில் இடமில்லை. பெட்டி செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வேண்டிய பேச்சு பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதை மாற்றிப் போடுங்கள், போதும்.

அம்மா உங்களுக்குத் தேவை என்பதை அவர் உணரும்படி செய்யுங்கள். மகனுக்கு வாரம் இரண்டு நாள் வீடியோ அழைப்பில் தமிழ் சொல்லித்தரச் சொல்லுங்கள், பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு அது அவசியமும்கூட. தோசை மாவுக்கு உளுந்து என்ன அளவு, குளிரில் மாவு பொங்க என்ன செய்வது என்று அவரைக் கேளுங்கள். அப்பாவின் பெயரை எடுக்கத் தயங்காதீர்கள். அவரைப் பற்றிப் பேச அம்மாவுக்கு இடம் கொடுத்தால், விளக்கை அணைத்துவிட்டு அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று இரவு எட்டு மணிக்குக் கூப்பிடும்போது அந்த மூன்று கேள்விகளையும் விட்டுவிடுங்கள். மாத்திரையைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். "அம்மா, இன்னிக்கு மாவு பொங்குச்சா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவர் பேசட்டும், நீங்கள் "ம்" என்று கேட்டுக்கொண்டிருங்கள்.